சம்பந்திக்குத் தனி ரசம்

இந்தப் பஸ் ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் சார். மார்கழிப் பனி முழுவதும் என் காதுக்குள்தான் இறங்குகிறது.

என்னது, தைல வாடையா? என் மேலா? நான் பூசியிருப்பது ஒரு பொட்டுத் தைலம் சார். சரி, நெற்றிக்கு ஒரு பொட்டு, கழுத்துக்கு ஒரு பொட்டு, மார்பு, முதுகு, உள்ளங்கால், அப்புறம் கைக்குட்டையில் கொஞ்சம், மப்ளரில் கொஞ்சம். அதற்கே கண் எரிகிறது என்கிறீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இது வெறும் கலப்படத் தண்ணீர். பாட்டிலை மூக்குத் துவாரத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுமே இல்லை. வாங்கின கடைக்கே திரும்பப் போய்க் கேட்டேன். "மலை முழுக்க யூகலிப்டஸ் மரம் நிற்கிறது, அந்த எண்ணெயிலுமா கைவைக்கிறீர்கள்?" என்றேன். கடைக்காரன் பாட்டிலை மோந்து பார்த்தான், தும்மினான், என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பெரியவரே, வேற பாட்டில் தர்றேன், கொண்டு போங்க" என்றான். பார்த்தீர்களா? தப்பு செய்தவனுக்குத்தான் அத்தனை பணிவு வரும்.

சரி, திறந்தே இருக்கட்டும். இந்தக் குன்னூருக்கு வந்ததிலிருந்து என்னைப் பார்த்தாலே எல்லோரும் ஜன்னலைத் திறக்கிறார்கள். ஏதோ ஊர் மரியாதை போலிருக்கிறது.

நான் குற்றாலலிங்கம். தென்காசிப் பக்கம். கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். வைத்தியம் படித்தவனா என்று கேட்காதீர்கள். படித்தவன்தான், பட்டம் வாங்காதவன். எங்கள் நூலகத்தில் மருத்துவ அலமாரி என்று ஒன்று இருந்தது. அதிலிருந்த புத்தகங்களை முழுமையாகப் படித்தவர்கள் இரண்டே தரப்புதான், நானும் கரையானும். கரையான் கொஞ்சம் வேகமாகப் படித்தது. ஆடாதோடை இலையை எந்த மாதத்தில் பறிக்க வேண்டும், திப்பிலியை எதில் ஊறப்போட வேண்டும், கஷாயம் எட்டுக்கு ஒன்றாக ஏன் சுண்ட வேண்டும், எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்க மாட்டீர்கள். யாரும் கேட்பதில்லை. நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கே போகிறேன் என்றா? வீட்டுக்கு. மேட்டுப்பாளையத்தில் இறங்கி, கோயம்புத்தூர் போய், அங்கிருந்து தென்காசி. பெரிய பெட்டியா? ஆமாம், பெரிய பெட்டிதான். வரும்போது திரும்பிப் போகிற உத்தேசம் இல்லை. அதனால் பெரிய பெட்டி.

என் மனைவி போன வருஷம் தவறிவிட்டாள். ஒரே மகள் செண்பகம், இந்தக் குன்னூரில் பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளை கதிர்வேலுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. "அப்பா, தனியா அங்க கெடந்து என்ன செய்யப் போறீங்க? இங்க ஒரு ரூம் சும்மாதான் இருக்கு. பனிக்காலம் முழுக்க இருந்து பாருங்க, ஒத்துக்கிச்சுன்னா இங்கயே இருந்துருங்க" என்று செண்பகம் கூப்பிட்டாள். பெண் கொடுத்த வீட்டில் போய் ஒட்டிக்கொள்வதா என்று ஒரு கூச்சம் இருந்தது. ஆனால் சார், தென்காசி வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் தொண்டைக்கு வேலையே கிடையாது. நான் பேசாமல் இருந்து பழகினவன் இல்லை. அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அதனால் வந்தேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவனாக வரவில்லை. மலைப்பிரதேசம், குளிர்காலம், வீட்டில் எல்லோருக்கும் சளி, இருமல் வரும். அந்த வீட்டுக்கு ஒரு வைத்தியன் தேவை, நான் தேவை, என்னை விட மாட்டார்கள். அதுதான் என் கணக்கு. பெட்டியில் பாதி வேட்டி சட்டை, பாதி சுக்கு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம். என் வைத்தியத்துக்கு நிரூபணமும் கையில் இருந்தது. ஐப்பசி மழையில் எனக்கே பலமான ஜலதோஷம், காய்ச்சல், தலையெல்லாம் பாறாங்கல். டாக்டரிடம் போகவில்லை. நானே கஷாயம் போட்டு, நானே ஆவி பிடித்து, நானே குணமாக்கிக்கொண்டேன்.

சளி போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது போகும்போது நாட்டில் இருக்கிற எல்லாப் பொருளின் தரத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நான் வழக்கமாக வாங்குகிற காப்பிப்பொடி மரத்தூளாகிவிட்டது. ஊதுவத்தி என்று விற்கிறான், புகைதான் வருகிறது. மல்லிகைப்பூ பார்க்க மல்லிகை, மோந்தால் காகிதம். ஹைபிரிட் செடியாம். தேசம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை இந்த மூன்று மாதத்தில் என்னைப் போலக் கவனித்தவன் வேறொருவன் இருக்க மாட்டான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

அந்த வீட்டில் எனக்கு முன்னால் ஒரு வைத்தியர் இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ராஜாமணி அம்மாள், என் சம்பந்தி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போடுவார். பேச்சில் போடுகிற மரியாதையைச் சமையலில் போடுவாரா என்றால், அதைத்தான் சொல்ல வருகிறேன். யாருக்கு இருமல் வந்தாலும் அவருக்கு ஒரே மருந்து, கொள்ளு ரசம். மூக்கடைப்புக்குக் கொள்ளு ரசம், காய்ச்சலுக்குக் கொள்ளு ரசம், காய்ச்சல் விட்டதற்குக் கொள்ளு ரசம். கூடவே குழைந்த சோறு, சுட்ட அப்பளம், பூண்டுத் துவையல். கொள்ளு என்பது குதிரைக்குப் போடுகிற தானியம் சார். இதை நான் முதல் நாளே சொன்னேன். "ஆமாங்க சம்பந்தி, அதுதான் குதிரைக்குச் சளியே புடிக்கறதில்லீங்க" என்றார். பதில் சொல்லலாம், பெண்ணைப் பெற்றவன் வாயைத் திறக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

முதலில் படுத்தது மாப்பிள்ளை. நல்ல சளி. நான் விடவில்லை. பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க வைத்து, நொச்சி கிடைக்கவில்லை, அதனால் தைலத்தை ஊற்றினேன். மோந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பிறகு பாட்டிலைக் கவிழ்த்தேன். போர்வையைப் போட்டு மூடி, மேலே நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்து, "மாமா! மாமா!" என்று சத்தம். வைத்தியத்தில் நோயாளி கத்துவது நல்ல அறிகுறி என்று படித்திருக்கிறேன். போர்வையை உதறிக்கொண்டு வெளியே வந்தபோது கண் இரண்டும் குயிலுக்கு இருப்பது மாதிரி சிவந்திருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. இருமல் இருந்த இடம் தெரியவில்லை. அதை யாராவது சொன்னார்களா? "அவரால இரும முடியலப்பா, தொண்டை வெந்து கெடக்கு" என்று மகள் சொல்கிறாள். எந்த மருந்துக்கும் ஒரு குறை கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து செண்பகத்துக்கு. மஞ்சள், மிளகு போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பா, அடிப்பிடிச்சுருச்சு, தீய்ஞ்ச வாடை வருது" என்று வைத்துவிட்டாள். நான் வாங்கி முழுவதும் குடித்துக் காட்டினேன். அருமையான பால். "எங்கட்டி தீய்ஞ்சிருக்கு? ஒனக்கு நாக்குல சளி" என்றேன். பாத்திரத்தின் அடி கறுப்பாகத்தான் இருந்தது. குன்னூர்ப் பாத்திரங்களே மட்டம்.

இனி ரசத்துக்கு வருகிறேன். ரசம் என்றால் என்ன சார்? புளி கொஞ்சம், மிளகு, சீரகம், பூண்டு. இதெல்லாம் உடம்பு. உயிர் எது? பெருங்காயம். அது ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கிற பிசின். வறண்ட மலையில் விளைந்து, கடல் கடந்து வருகிறது. நம் மண்ணில் சரியாக வராத ஒன்றை நம் நாட்டுச் சமையலின் உயிராக வைத்திருக்கிறோம் என்பதே ஒரு விசித்திரம். அதை நெய்யில் பொரித்து ரசத்தில் போட்டால், நாலு வீடு தள்ளி இருக்கிறவனுக்கும் பசிக்க வேண்டும். சம்பந்தியம்மா ரசத்தில் அது கிடையவே கிடையாது. சூடான மண் கரைசல். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் கேட்டேன்.

"சம்பந்தியம்மா, பெருங்காயம் தீர்ந்துபோயிற்றோ? என் பெட்டியில் இருக்கிறது, தரட்டுமா?"

"போட்டிருக்குதுங்களே."

"எப்போது?"

"இப்பத்தானுங்க தாளிச்சேன். நீங்களும் இங்கதான நின்னுட்டு இருந்தீங்க?"

அப்படியே கூசாமல் சொன்னார் சார். மகளைப் பார்த்தேன். மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை அப்பளத்தைப் பார்த்தார். வீடு முழுக்க ஒரு கட்சி. நான் மட்டும் எதிர்க்கட்சி.

மறுநாள் முதல் எனக்குத் தனிப் பாத்திரம். ஆமாம் சார், தனிப் பாத்திரம்! எல்லோருக்கும் பெரிய பாத்திரத்தில் ரசம். எனக்கு மட்டும் அடுப்பின் ஓரத்தில் ஒரு சின்னச் சட்டியில், மூடி போட்டு, தனிக் கரண்டியோடு. ஒரு நாள் மாப்பிள்ளை மறந்துபோய் அந்தச் சட்டியில் கரண்டியை விட்டார். சம்பந்தியம்மா பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது சம்பந்திக்கு, கண்ணு, நீ தொடாத" என்றார். என் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார். எனக்கு என்ன தொற்றுநோயா? நேற்று மீந்ததா, அடியில் தங்கின கசண்டா, என்ன ஊற்றினார்களோ. ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தச் சட்டி ரசத்தில் லேசாக ஒரு சுருக் இருந்தது. மிக லேசாக. நாக்கு தூங்கும்போது யாரோ தொட்டு எழுப்பின மாதிரி. மற்றபடி அதிலும் பெருங்காயம் கிடையாது.

என்றாலும் பொறுத்தேன் சார். அந்த அறை நல்ல அறை. காலையில் ஜன்னல் பக்கம் வெயில் வரும். சாயங்காலம் செண்பகம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்வாள். நானும் சொல்வேன். சம்பந்தியம்மாவும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். நான் பெருங்காயத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். "இவ்வளவு தூரத்துல இருந்துங்களா வருது!" என்பார். அதைக் கேட்டுவிட்டு அதையே ரசத்தில் போடாமல் இருந்ததுதான் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் முந்தாநாள் வந்தது.

சம்பந்தியம்மாவுக்கே இருமல். என் வாய்ப்பு. அவருக்கே என் கஷாயம் கேட்டுவிட்டால், இனி அந்த வீட்டில் என் இடத்தை யாரும் அசைக்க முடியாது. அவர் கோயிலுக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். மாப்பிள்ளை ராத்திரி வேலை முடிந்து வந்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக் கதவைச் சாத்தினேன், பனிக்காற்று பட்டால் கஷாயம் கெடும். ஜன்னல்களைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஒரு சாக்கையும் திணித்தேன். பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மருந்தெல்லாம் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். விளிம்பு வரை ஊற்றினால்தான் எட்டில் ஒன்று என்பது கண்ணுக்குத் தெரியும். முக்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அஜாக்கிரதை என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருந்தேன்.

கஷாயம் பொங்கினது கேட்டது. ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகும் அந்தச் சத்தம் மெல்ல வந்துகொண்டே இருந்தது. நல்லது, கொதிக்கிறது என்று நினைத்தேன். தலையங்கம் முடித்து, கடிதங்கள் பகுதி முடித்துப் பார்க்கிறேன், தண்ணீர் ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. ஏன் என்று யோசித்தேன். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், சூடு போதாது, மருந்து இறங்க நேரமாகும். இது பௌதிகம். அதை நினைத்து எனக்கே ஒரு திருப்தி. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு குனிந்து பார்த்தால் அடுப்பில் தீ இல்லை. பொங்கினது தீயை அணைத்திருக்கிறது. இதில் என்ன, மறுபடி பற்ற வைத்தால் ஆயிற்று என்று லைட்டரை எடுத்தேன்.

சாக்கைத் தள்ளிக்கொண்டு கதவு திறந்தது. சம்பந்தியம்மா. கையில் கோயில் பொங்கல் தொன்னை. அதை அப்படியே கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து என் கையில் ஓங்கி ஓர் அடி. சம்பந்தியை அடித்த சம்பந்தியை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. லைட்டர் எங்கேயோ போய் விழுந்தது. "அக்கட்டப் போங்க! தள்ளிப் போங்க சம்பந்தி!" என்று ஒரு கத்தல். சிலிண்டரை மூடினார். ஜன்னல் எல்லாவற்றையும் படார் படாரென்று திறந்தார். மாப்பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, என் கையைப் பிடித்து இழுத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல பனி. என் மேலே சால்வை கூட இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். சம்பந்தியம்மா படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார். அடித்தவர் அழுகிறார். அடி வாங்கினவன் குளிரில் நிற்கிறேன். உலக நியாயம்.

கேஸ் கசிந்ததாம். தெரு முனை வரை நாற்றமாம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் சார், எனக்குத் தெரியாதா? ஏதோ கொஞ்சம் கசிந்திருக்கலாம். அதற்காக?

சாயங்காலம் விசாரணை. செண்பகம் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பா, கோவப்படாதீங்க. ஒங்களுக்கு வாசனையே தெரியல. ஐப்பசில வந்த சளியில மூக்கு போயிருக்கு. நாங்க ரொம்ப நாளாப் பாக்கோம். கோயம்புத்தூர்ல மூக்கு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருவோம்" என்றாள்.

எனக்கு! மூக்கு! நான் வாசனையை வைத்தே புத்தகத்தின் வயதைச் சொல்கிறவன் சார். பரீட்சை வைக்கச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லி எதையோ மூக்கடியில் நீட்டினாள். "காலி டப்பா" என்றேன். கண்ணைத் திறந்தால் பெருங்காய டப்பா. சரி, மட்டமான சரக்கு. அடுத்தது காப்பிப்பொடி. அதுதான் ஏற்கெனவே மரத்தூள் என்று நான் சொல்லியிருக்கிறேனே. இப்படித் தரமில்லாத பொருள்களை வைத்துப் பரீட்சை நடத்தினால் யார்தான் தேற முடியும்? அதோடு பரீட்சை வைப்பவர், சாட்சி, தீர்ப்பு சொல்பவர், மூன்றும் ஒரே வீட்டார். எந்த நூலகத்திலும் ஒரே ஆள் சொன்னதை மூன்று முறை எழுதினால் மூன்று ஆதாரம் ஆகாது.

"டாக்டர்கிட்ட காட்டுற வரைக்கும் அடுப்புப் பக்கம் மட்டும் போகாதீங்கப்பா" என்றாள். சம்பந்தியம்மா அடுக்களை வாசலில் நின்றார். "உங்களுக்கு என்ன வேணும்னாலும் நாங் காச்சித் தர்றேனுங்க சம்பந்தி. எட்டுக்கு ஒண்ணுன்னா ஒண்ணு, பதினாறுக்கு ஒண்ணுன்னா ஒண்ணு" என்றார். கேலியைக் கவனித்தீர்களா?

நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. மூன்று பேரும் இருக்கத்தான் சொன்னார்கள். மாப்பிள்ளை பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார், நான் வெளியே கொண்டுவந்தேன், மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. பஸ் ஸ்டாண்டில் செண்பகம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அங்க போய் அடுப்பு மட்டும் பத்த வைக்காதீங்கப்பா, மெஸ்ல சாப்பிடுங்க" என்கிறாள். ஏன் பற்ற வைக்கக் கூடாது? என் வீடு. என் அடுப்பு. என் சிலிண்டர். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகக் கஷாயம் காய்ச்சுவேன். குறுக்கே வந்து என் கையைத் தட்ட அங்கே ஒருவரும் கிடையாது.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

பர்லியார் வந்துவிட்டது. டீக்கு நிறுத்துவார்கள். நீங்கள் இறங்கவில்லையா? நானும் இல்லை. என்னிடம் சாப்பாடு இருக்கிறது. கிளம்பும்போது சம்பந்தியம்மா எவர்சில்வர் டப்பாவில் கொள்ளு ரசம் சாதம் பிசைந்து பையில் வைத்துவிட்டார். அதே தனிச் சட்டி ரசம்தான், பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிரயாணத்தில் வயிறு மானம் பார்ப்பதில்லை.

மூடி இறுக்கமாக இருக்கிறது. ம், வந்துவிட்டது. என்ன, முன்சீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? என் குரல் அவ்வளவு பெரிதா?

இந்தாருங்கள், மூடியில் உங்களுக்கும் கொஞ்சம். மறுக்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இனிமேல் பழகிக்கொள்ள வேண்டும். சாப்பிடுங்கள். சப்பென்றுதான் இருக்கும், சும்மா வயிற்றுக்கு.

சார்?

ஐயோ, என்ன சார் இது, அழுகிறீர்களா? வேண்டாம் சார். இவ்வளவு இளகின மனசா உங்களுக்கு? என் கதையைக் கேட்டு என் மகள் கூட இப்படி அழுததில்லை. மூக்கிலும் தண்ணீர் வருகிறதே. இந்தாருங்கள் கைக்குட்டை. ஓ, தைலம். சரி, உங்களுடையதையே எடுங்கள்.

என்னது? மிளகா?

மிளகு எங்கே இருக்கிறது இதில்? லேசாக ஒரு சுருக். அதற்கா இந்தப் பாடு? தண்ணீர் குடியுங்கள். மெதுவாக. இன்னும் குடியுங்கள். வாயைத் திறந்து ஊதாதீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு வாய்க்கே இப்படியா? விளையாடவில்லையே நீங்கள்?

அப்படியென்றால் பாருங்கள் சார்! ஒரு மனுஷனால் தின்ன முடியாத அளவுக்கு மிளகு. அதுவும் எனக்கு மட்டும், தனியாக, மூடி போட்டு. சொந்தப் பிள்ளை கை வைத்தால் பிடித்துத் தடுக்கிறார். இதற்கு என்ன பெயர்? திட்டம் போட்டு ஒருவனைக் கொல்லப் பார்த்திருக்கிறார் சார்! நான்தான் ஒன்றும் தெரியாமல் தினமும் இரண்டு கரண்டி, மூன்று கரண்டி…

ஒன்றும் தெரியாமல்.

ஒரு நிமிஷம் சார். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? சர்வேயரா. நிலம் அளக்கிறவர்கள் பொய் சொல்வதில்லை என்று இந்த நாட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை இன்றைக்கு நானும் நம்புகிறேன். இந்த டப்பாவை மோந்து பார்த்துச் சொல்லுங்கள். மிளகு, சரி. பூண்டு, சரி. நெய்யா? நெய் விட்டிருக்கிறாரா? வேறே? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

பெருங்காயமா.

இருங்கள், உங்களைச் சந்தேகப்படவில்லை. ஒரே ஆள் சொன்னால் ஆதாரம் ஆகாது. அம்மா, முன்சீட்டு அம்மா, உங்களைத்தான். ஏதாவது வாசனை வருகிறதா உங்களுக்கு?

"டப்பாவத் தொறந்ததுல இருந்து பஸ்ஸே தூக்குதேங்க! என்ன பெருங்காயமுங்க அது? எங்க வாங்குனீங்க? பசி எடுத்துப்போச்சு போங்க!"

கேட்டீர்களா. பஸ்ஸே தூக்குகிறதாம்.

நான் டப்பாவுக்குள்ளேயே முகத்தை வைத்திருக்கிறேன் சார். ஆவி படுகிறது. சூடு தெரிகிறது. வேறே ஒன்றும் இல்லை.

அந்த லைட்டர் என் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் அதன் மேலேதான் இருந்தது. பக்கத்து அறையில் மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒன்றும் இல்லை சார். சும்மா இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உங்களுக்கு வேண்டாம், நீங்கள் தொடாதீர்கள். இது எனக்கென்று செய்தது.

கண்டக்டர்! கண்டக்டர் தம்பி! மேலே குன்னூர் போகிற பஸ் இங்கே நிற்குமா? எத்தனை நேரத்துக்கு ஒன்று? சரி, அந்தப் பெரிய பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள்.

தப்பாக நினைக்காதீர்கள் சார். மனசு மாறிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. டப்பா அவர்களுடையது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தென்காசி வரை போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? கொடுத்துவிட வேண்டும். அதற்காக மட்டும்தான் போகிறேன். அப்புறம் அந்த டாக்டர் வீடு எந்தத் தெரு என்று மகளிடம் கேட்டுவைத்துக்கொள்கிறேன், யாருக்காவது உபயோகப்படும்.

கொடுக்கிறதை வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கடையில் கொய்யாப்பழம் குவித்து வைத்திருக்கிறான். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது, கொஞ்சம் கூட வாருங்கள் சார். ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, நல்ல வாசனையாக நாலு பழம் எடுத்துக் கொடுங்கள். பார்த்து எடுங்கள். சம்பந்தியம்மாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை.